ஒன்பதாவது கேள்விக்குப் பதினாறு நாள்

படிவத்தில் பதினொரு கேள்விகள் இருந்தன. பத்துக்கு நான்கு நிமிடங்களில் பதில் கொடுத்துவிட்டேன். ஒன்பதாவது கேள்வியில் பதினாறு நாள் நின்றேன்.

மின்னஞ்சல் வந்தது ஒரு திங்கட்கிழமை, காலை 10:42. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாள். என் நண்பர் கைத்துப்பாக்கி வாங்க நியூ ஜெர்சி மாநிலத்திடம் அனுமதி கேட்டிருக்கிறார், தன்னை நன்கு அறிந்தவர் என்று என் பெயரைக் கொடுத்திருக்கிறார், இணைப்பைத் திறந்து அவரைப் பற்றிய கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்லவும் என்று அதில் எழுதியிருந்தது. எதிர்பார்த்ததுதான். அவரே முன்னால் சொல்லியிருந்தார்.

நண்பர் மான்மவுத் ஜங்ஷனில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். என்னைவிட நான்கு வயது சின்னவர். பன்னிரண்டு வருடங்களாக இருவரும் ஒரே காரில் ரயில் நிலையத்துக்குப் போகிறோம். முன்பு வாரத்தில் ஐந்து நாள். இப்போது இருவர் அலுவலகத்திலும் செவ்வாய், வியாழன் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். செவ்வாய் என் கார், வியாழன் அவர் கார். 6:25க்கு வாசலில் ஏறினால் நிறுத்துமிடத்தில் இடம் பிடித்து 6:52 ரயிலில் உட்காரலாம். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் 6:52ஐ நாங்கள் தவறவிட்டது நான்கு முறை. நான்கும் பனிக்காலத்தில்.

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, அவர் குடும்பத்தோடு பிரிட்ஜ்வாட்டர் கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது வீட்டின் பின்பக்கக் கண்ணாடிக் கதவு உடைந்து கிடந்தது. நகைப் பெட்டி இல்லை. அரிசி டப்பாவைக் கவிழ்த்துக் கையால் துழாவியிருந்தார்கள். பூஜை அலமாரியில் சாமி படங்களுக்குப் பின்னால் பார்த்திருந்தார்கள். தொலைக்காட்சி, கணினி எதையும் தொடவில்லை. நம் வீடுகளில் எதை எங்கே வைப்போம் என்று தெரிந்து வந்தவர்கள் என்று காவல் துறை அதிகாரி சொன்னாராம். அந்த வருடத்தில் எங்கள் பக்கத்தில் இப்படி இன்னும் சில வீடுகளும் உடைக்கப்பட்டிருந்தன. நண்பரின் மனைவி அதன் பிறகு தனியாக வீட்டில் இருக்க அஞ்சினார். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாளில் கூட மடிக்கணினியை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போய்விடுவார்.

ஜனவரி போய், பிப்ரவரி போய், ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை என் காரில் ஏறி உட்கார்ந்ததும் நண்பர் ஆரம்பித்தார்.

"அண்ணா, ஒரு ஹெல்ப் வேணுமுங்க. கன் வாங்கலாம்னு அப்ளை பண்றேன்."

"எதுக்குப்பா?"

"எதுக்குன்னா? அடுத்த தடவ வர்றவனுக்கு காபி போட்டுக் குடுக்கறதா?"

"நீ போன மாசம் ஸ்டேப்ளர்ல கட்டை விரலைக் குத்திக்கிட்டு மூணு நாள் கட்டோட திரிஞ்ச ஆளு."

"ஸ்டேப்ளருக்கு பேக்ரவுண்ட் செக் கெடையாதுங்ண்ணா. அதான் என்னை மாதிரி ஆளுக்கெல்லாம் குடுத்துடறாங்க."

பிறகு விவரமாகச் சொன்னார். பயிற்சி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியாயிற்று. கைரேகை கொடுத்தாயிற்று. மனநல சிகிச்சை பெற்ற பதிவு ஏதாவது இருக்கிறதா என்று அரசு தேடிப் பார்க்கச் சம்மதம் எழுதிக் கொடுத்தாயிற்று. எல்லாம் சரியாக இருந்தால் ஓர் அட்டை வரும். அந்த அட்டை இல்லாமல் தோட்டா கூட வாங்க முடியாது. கைத்துப்பாக்கிக்கு அதற்கு மேல் தனி அனுமதி.

"ரெண்டு பேர் ரெஃபரன்ஸ் கேக்கறாங்க. சொந்தக்காரங்களா இருக்கக் கூடாதாம். ஒண்ணு என் மேனேஜர். இன்னொண்ணு நீங்க."

"சரி, போடு."

"நல்ல மாதிரி சொல்லுங்ண்ணா."

"உண்மையைச் சொல்றேன்."

"ஐயோ, அது மட்டும் வேண்டாம்."

இருவரும் சிரித்தோம். அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியது இவ்வளவுதான்: "நண்பர் துப்பாக்கிக்கு விண்ணப்பம். என் பெயர். சரி என்றேன். ர.தா. 9 நி."

ர.தா. என்பது ரயில் தாமதம். இருபத்தேழு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். நாளுக்கு அரைப் பக்கம்தான் என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி. அரைப் பக்கத்தில் நாள் அடங்க வேண்டுமானால் சுருக்கங்கள் வேண்டும். ம. என்றால் மழை. த.வ. என்றால் தலைவலி. அடிக்கடி வருகிற எதற்கும் ஒரு சுருக்கம் போட்டுவிடுவேன்.

இனி அந்த ஒன்பதாவது கேள்வி. அதன் வாசகத்தை அப்படியே இங்கே தரவில்லை. பொருள் இது: விண்ணப்பித்தவர் தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்வதைப் பற்றி, அல்லது சாக விரும்புவதைப் பற்றி, உங்களுக்குத் தெரிந்து எப்போதாவது பேசியிருக்கிறாரா? ஆம், இல்லை என்று இரண்டு வட்டங்கள். ஆம் என்றால் விளக்க ஒரு சின்னப் பெட்டி.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவரா? தினமும் பேசுவாரே. "செத்துடலாம் போல இருக்கு" என்று சொல்லாமல் அவருக்கு ஒரு வாரம் போகாது. ரயில் பெட்டியில் குளிர்சாதனம் வேலை செய்யவில்லையென்றால் சொல்வார். மேலாளர் வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குக் கூட்டம் வைத்தால் சொல்வார். மகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மாதத்தில் காலையும் மாலையும் சொன்னார். நானும் சொல்வேன். என் மனைவி சொல்வாள். தமிழ் பேசுகிற யாரைக் கேட்டாலும் இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ஆம்தான். எங்கள் தெருவில் ஒருவருக்கும் துப்பாக்கி கிடைக்காது.

சுட்டியை "இல்லை" மேல் கொண்டுபோய்விட்டேன். ஆனால் படிவத்தின் கடைசியில், இங்கே சொன்னது உண்மை, பொய் சொன்னால் தண்டனைக்கு உரியவன் என்ற வரி இருந்தது. அதன் கீழ் நான் கையொப்பமிட வேண்டும். பேசியிருக்கிறாரா என்று கேட்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு என்ன பொருள் என்று கேட்கவில்லை. பேசியிருக்கிறார். எனக்குத் தெரியும் என்பது மட்டுமில்லை, எழுதியும் வைத்திருக்கிறேன்.

சேமித்துவிட்டு மூடினேன். மதியம் படிவத்தில் இருந்த காவல் துறை எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து, ஒரு மொழிச் சிக்கல் இருக்கிறது என்று விளக்கப் பார்த்தேன். எங்கள் மொழியில் மக்கள் அலுப்பாக இருந்தால் செத்துவிடலாம் என்பார்கள், அது வெறும் பேச்சு என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது எவ்வளவு மோசமாகக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டார். உங்களுக்கு என்ன தெரியுமோ அதைப் பதிலாகக் கொடுங்கள், எதைக் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லக் கூடாது என்றார். நியாயம்தான். அந்த நியாயத்தால் எனக்கு ஒரு பயனும் இல்லை.

செவ்வாய் காலை அவர் கேட்டார். "லிங்க் வந்துச்சுங்களா?"

"வந்துச்சு. பண்றேன்."

"மேனேஜர் வந்த அன்னிக்கே போட்டுட்டாரு. ரெண்டு நிமிஷ வேலைன்னாரு."

"அவருக்குத் தமிழ் தெரியாது."

"அதுக்கும் இதுக்கும் என்னங்ண்ணா?"

சாலையில் கவனமாக இருப்பதைப் போல இருந்தேன்.

ஒரு வாரம் போயிற்று. நினைவூட்டல் மின்னஞ்சல் இரண்டு வந்தன. அவர் மனைவி என்னை அழைத்தார். "அண்ணா, தொந்தரவு பண்றேன்னு நெனைக்காதீங்க. அந்த ஃபார்ம் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் போட்டுடுங்க. வீட்ல ஒண்ணு இருந்தா எனக்கு ஒரு தைரியம்" என்றார். அவர் குரலில் இருந்த களைப்பைக் கேட்டுவிட்டு, இன்றைக்கே இல்லை என்று போட்டு முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் சரிபார்ப்பது என் பழக்கம். வரிப் படிவமானாலும், பள்ளிச் சுற்றுலா ஒப்புதல் சீட்டானாலும் அப்படித்தான். இந்த ஆண்டு நோட்டை எடுத்துப் பின்னாலிருந்து பார்த்தேன். "செத்துடலாம் போல இருக்கு" என்பதற்கும் ஒரு சுருக்கம் உண்டு: செ.போ.இ. பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. "மேலாளர் கூட்டம். நண்பர் செ.போ.இ." "லேன் மாறத் தெரியாத லாரி. நான் செ.போ.இ." "கோவில் பார்க்கிங் 40 நி. இருவரும் செ.போ.இ." படிக்கப் படிக்க மனம் லேசாயிற்று. இதைப் போய் யார் ஆம் என்று சொல்வார்கள்?

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு வந்தேன். அங்கே சுருக்கம் இல்லை. முழுதாக எழுதியிருந்தேன்:

"ம. நிலையத்தில் காரை நிறுத்தியதும் நண்பர் சொன்னது: செத்துட்டா நல்லா இருக்கும்ணா. 6:52 சரியான நேரம்."

அவ்வளவுதான். அதற்குக் கீழே அன்று வாங்கிய அச்சு இயந்திர மையின் எண்.

என் கையெழுத்தை நானே மூன்று நான்கு முறை படித்தேன். அதில் 'போல' இல்லை. 'இருக்கு' இல்லை. அவர் எப்போதும் சொல்லும் வாக்கியம் இதுவல்ல. சுருக்கத்துக்குள் அடங்காததால்தான் அன்று என் கை அதை முழுதாக எழுதியிருக்கிறது. அதாவது, வேறுபாடு அன்றைக்கே என் காதில் விழுந்திருக்கிறது. காதில் விழுந்ததை ஒழுங்காக எழுதிவைத்துவிட்டு நோட்டை மூடியிருக்கிறேன்.

அன்றைய காலை மெல்ல மெல்ல நினைவுக்கு வந்தது. எஞ்சினை நிறுத்தியிருந்தேன். கண்ணாடியில் மழை வழிந்தது. அவர் சிரிக்கவில்லை. வழக்கமாகச் சொல்லும்போது தலையைப் பின்னால் சாய்த்துக் கைகளை மேலே தூக்குவார். அன்று இரண்டு கைகளும் பையின் மேல் இருந்தன. காரணம் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

மாநிலம் அவர் கைரேகையைப் பார்த்துவிட்டது. நீதிமன்றப் பதிவுகளைப் பார்த்துவிட்டது. மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்துவிட்டது. எதிலும் எதுவும் இருக்காது, ஏனென்றால் அவர் எந்த மருத்துவரிடமும் எதையும் சொன்னவரில்லை. அப்படி ஒரு பதிவு எங்கேயாவது இருக்கிறதென்றால் அது என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் யாரும் படிக்க முடியாத எழுத்தில் இருக்கிறது. இத்தனை அலுவலகங்கள், இத்தனை கணினிகள், கடைசியில் என்னிடம் வந்து நிற்கின்றன. எனக்கு அப்போது வந்தது கோபம். அவர் மேல், படிவத்தின் மேல், இவ்வளவு எழுதுகிற என் மேல்.

மனைவியிடம் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இல்லைன்னு போட்டுட்டு வேலையைப் பாருங்க. யாருதான் சொல்லல? நேத்து இந்த டிஷ்வாஷரை நான் அடுக்குன விதத்தைப் பார்த்துட்டு நீங்களே சொன்னீங்க."

"அது வேற. இதைக் கேளு" என்று பிப்ரவரி வரியைப் படித்தேன்.

கையில் இருந்த தட்டை அவள் உள்ளே வைக்கவில்லை. "இதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"எழுதல."

"என்ன எழுதல? அவருக்கு என்ன பதில் சொன்னீங்கன்னு கேக்கறேன்."

"ஞாபகமில்லை."

"எல்லாத்தையும் எழுதுவீங்க. இங்க் கார்ட்ரிட்ஜ் நம்பர் எழுதுவீங்க." தட்டை வைத்துவிட்டுக் கை துடைத்தாள். "ரெண்டு வாரமா ஃபார்மைக் கேக்கறீங்க, போலீஸைக் கேக்கறீங்க, என்னைக் கேக்கறீங்க. அவரைக் கேட்டீங்களா?"

இரண்டு வாரம் ஆகவில்லை, பதிமூன்று நாள்தான் என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன்.

அடுத்த செவ்வாய், பதினைந்தாவது நாள். என் கார். 6:44க்கு நிறுத்துமிடத்தில் நிறுத்தினேன். எஞ்சினை அணைத்துவிட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். அதற்குமேல் எப்படி ஆரம்பிப்பது என்று நான் யோசித்து வைத்திருந்த வாக்கியம் எதுவும் வரவில்லை. ஒன்பதாவது கேள்வி என்ன என்று சொன்னேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இதுக்காகவா ரெண்டு வாரம்? என்னங்ண்ணா நீங்க! நான் சொல்றதெல்லாம் கணக்குல எடுத்தா எனக்குப் பதினாறாம் நாள் காரியமே நூறு தடவ ஆயிருக்கும்."

"அதை விடு. பிப்ரவரியில ஒரு நாள் இங்க சொன்னே. எழுதி வெச்சிருக்கேன்."

சிரிப்பு நின்றது. "எழுதி வெச்சிருக்கீங்களா?"

"தினமும் எழுதறது உனக்குத் தெரியும்."

"ரயில் லேட்டு, மழைன்னு எழுதுவீங்கன்னு நெனச்சேன். நான் கார்ல பேசறதை எல்லாமா எழுதுவீங்க? நீங்க மனுசனா, டேஷ்கேமா?"

"கோவப்படு, பரவாயில்ல. ஆனா கேளு." வரியைப் படித்தேன். படித்து முடிக்க மூன்று நொடி கூட ஆகாது.

அவர் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்டவாளத்துக்கு அப்பால் மேடையில் ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள்.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு அதுல இருக்குதா?"

"இல்ல."

"நான் சொல்லட்டுமா? 'ரயில் வந்துடுச்சு, வா'ன்னீங்க."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"தப்பா சொல்லலீங்ண்ணா. வந்துடுச்சுதான். நாம ஓடிப் போய் ஏறுனோம். அப்புறம் நீங்க ஏதோ ப்ரிண்டர் பத்திப் பேசுனீங்க. இருபது நிமிஷம்." பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டார். "இப்ப நான் ஒரு கன் கேட்டதும் உங்களுக்கு ஞாபகம் வருது."

"நான் இல்லைன்னு போட மாட்டேன்ப்பா."

"அப்ப ஆமான்னு போடுங்க."

"இப்பவும் அப்படி இருக்கா?"

மணி 6:51. வளைவில் விளக்கு தெரிந்தது. அவர் கதவைத் திறந்தார்.

"ரயில் வந்துடுச்சு, வாங்க" என்றார்.

அன்று அவர் வேறு பெட்டியில் ஏறினார். மாலையில் வேறு யாருடனோ வீடு திரும்பினார்.

புதன்கிழமை மதியம் 12:15க்குப் படிவத்தைத் திறந்தேன். ஆம் என்ற வட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். சின்னப் பெட்டியில் ஆங்கிலத்தில் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். ஒரே ஒருமுறை, இன்ன மாதம், நேரில், என்னிடம். இன்ன வார்த்தைகள். வழக்கமாகச் சொல்வது போலல்ல. ஏன் என்று எனக்குத் தெரியாது. அவர் நல்லவர் என்று ஒரு வரி சேர்த்தேன். நல்லவர் என்பது அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்று எடுத்தேன். பிறகு மீண்டும் சேர்த்தேன். 12:58க்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

இந்தக் கோரிக்கை இப்போது நடப்பில் இல்லை என்று ஒரு வரி வந்தது.

பக்கத்தைப் புதுப்பித்தேன். அதே வரி. மின்னஞ்சலில் இருந்த இணைப்பிலிருந்து மறுபடி நுழைந்தேன். அதே வரி. என்னை எடுத்துவிட்டு வேறு யாரையோ போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். இரண்டு நிமிட வேலை என்று சொல்லும் யாரையோ. பதினாறு நாள் நான் நெஞ்சில் சுமந்ததை அந்த ஆள் இந்நேரம் மதிய உணவுக்கு நடுவே "இல்லை" என்று அழுத்தியிருப்பான். என் மேசையிலிருந்த பேனாவைச் சுவரில் எறிந்தேன். நான் பொருட்களை எறிகிறவன் இல்லை. சுவரில் ஒரு நீலப் புள்ளி இருக்கிறது, இன்னும் துடைக்கவில்லை.

நண்பரை மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை. அவர் மனைவியை அழைக்க எண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தனக்குத் தைரியம் தரும் என்று அவர் நம்புகிற பொருளைப் பற்றி அவரிடமே எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி இருப்பது? ஐந்து மணிக்குள் நண்பரிடமிருந்து தகவல் வராவிட்டால் அழைப்பது என்று முடிவு செய்தேன். 4:37க்கு வந்தது. "நாளைக்கு என் வண்டி. 6:25."

வியாழன் 6:20க்கே வாசலுக்கு வந்துவிட்டேன். 6:25 ஆயிற்று. 6:30. அவர் 6:33க்கு வந்தார். பன்னிரண்டு வருடத்தில் அவர் தாமதமாக வந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன், நிறைய முறை வந்திருக்கிறார். ஆனால் எப்போதும் கண்ணாடியை இறக்கும்போதே ஒரு சாக்குச் சொல்வார். அன்று சொல்லவில்லை.

பெரிய சாலைக்கு வந்த பிறகு சொன்னார். "அப்ளிகேஷனை வித்ட்ரா பண்ணிட்டேன்."

"என்னையா, அப்ளிகேஷனையா?"

"மொத்தமாங்ண்ணா. அலாரம் வெக்கிறதுக்கு ஆள் சனிக்கெழம வர்றான். பின்கதவுக்கும் கிரில் போடலாம்னு அவ சொல்றா."

"அவங்ககிட்ட சொல்லிட்டியா?"

"எதை? கன் வேண்டாம்னா? சொல்லிட்டேன்."

"அதை இல்ல."

சிவப்பு விளக்கில் நின்றோம். "அதையும்" என்றார். "ராத்திரி சாப்பாடு போட்டுக்கிட்டு இருந்தா. சொன்னேன். கரண்டிய வெச்சுட்டு உக்காந்துட்டா." பச்சை விழுந்தும் அவர் நகரவில்லை, பின்னால் ஹாரன் கேட்ட பிறகுதான் நகர்ந்தார். "காலையில அவளே டாக்டருக்குக் கால் பண்ணுவேன்னு நின்னா. நேத்தே நான் பண்ணிட்டேன்னு சொன்னேன். புது பேஷன்டாம். ஆறு வாரம் கழிச்சுத்தான் ஸ்லாட்டாம்."

"ஆறு வாரமா?"

"ஆமாங்ண்ணா. கன்னுக்குக் கூட இந்த ரெண்டு வாரத்துல முக்காவாசி முடிஞ்சுடுச்சு. இதுக்கு ஆறு வாரம்."

எனக்கு மறுபடியும் பேனாவை எறியலாம் போல இருந்தது. இருபது ஆண்டுகளாக இந்த நாட்டில் காப்பீட்டு அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம். "வேற இடம் பாக்கலாம். நான் இன்னிக்கு உக்காந்து லிஸ்ட் எடுக்கறேன். ஒவ்வொண்ணுக்கா கால் பண்றேன். எங்க வெயிட்டிங் லிஸ்ட்ல கேன்சலேஷன் வருதோ..."

"தெரியும். நீங்க பண்ணுவீங்க." முதல்முறையாக லேசாகச் சிரித்தார். "எக்ஸல்ல போட்டு, கலர் அடிச்சு அனுப்புவீங்க. அந்த டாக்டர் ஆன்லைன் ஃபார்ம் ஒண்ணு அனுப்பியிருக்காங்க. ஒம்போதாவது கேள்வி அதுலயும் இருக்குதுங்ண்ணா. நம்பர்தான் வேற."

"என்ன போட்டே?"

"இன்னும் போடல."

நிறுத்துமிடத்துக்குள் நுழைந்தபோது 6:50. எங்களுக்கு வழக்கமான வரிசையில் இடம் இல்லை. கடைசி வேலி ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். மேடை இங்கிருந்து தூரம், ஓடினால் பிடிக்கலாம். விளக்கு வளைவில் தெரிந்தது. என் கை பழக்கத்தில் கதவின் பிடியில் போய்விட்டது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ரயில் வந்து நின்றது. கதவுகள் திறந்தன, மூடின. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"போயிடுச்சுங்ண்ணா."

"போகட்டும். பிப்ரவரியில என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அதுதான். ஏதாச்சும் ஆயிருந்தா சொல்லியிருப்பேனே." வெகுநேரம் ஸ்டியரிங்கின் தையலை நகத்தால் கீறிக்கொண்டிருந்தார். "எழுதுவீங்களா?"

"உனக்கு வேண்டாம்னா எழுதல."

"எழுதுங்க. ஆனா சுருக்கமா எழுதாதீங்க. நீங்க சொன்னதையும் சேத்து எழுதுங்க."

சரி என்றேன். அவர் பேச ஆரம்பித்தார், நடுவிலிருந்து, ஒழுங்கில்லாமல். அடுத்த ரயில் 7:21. அது வந்தபோது அவர் முடித்திருக்கவில்லை. அதையும் விட்டோம்.